போல் செய்த அப்பா

ஒஸ்லோவில் எங்கள் ஹொல்ம்லியா வீட்டுச் சமையலறை. மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் நான் ரொட்டி தட்டுகிற பலகை. பலகையில் ஒரு மனிதத் தலை அளவுக்குக் களிமண். அம்மா கதிரையின் நுனியில் இருந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அந்த மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்.

என்னோடு வேலை செய்கிற போல் என்பவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் நின்றார். கீழே லோக்கல் ரயில் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கூச்சப்படுவார் என்று அவராகத்தான் அப்படித் திரும்பிக்கொண்டார்.

“இஞ்சை” என்றார் அம்மா. “இடப்பக்க நாடியிலை ஒரு சின்ன மேடு இருக்கவேணும். இதிலை இல்லை. வைக்கச் சொல்லு.”

நான் அப்பாவின் ஒரே மகள். அப்பாவின் தோளில் ஏறிக் கோயிலுக்குப் போனவள். அவர் முகவாயில் அப்படி ஒரு மேடு இருந்தது எனக்குத் தெரியாது.

போன கிழமை நான் மின்சார அடுப்பில் அப்பம் சுட்டு, தீயணைப்பு வண்டி வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “உங்கள் வீட்டில் எந்த நேரமும் சிரிப்புத்தானா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை, தங்கச்சி. இந்தக் கிழமை அதே சமையலறைதான். ஆனால் அப்பம் இல்லை.

மார்சிபான் பன்றி

அந்த நாட்களில் ஒஸ்லோவில் ஒரு பெரிய பேக்கரியில் எனக்கு வேலை. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், நெருங்கினால் போதும், நோர்வேக்காரருக்கு மார்சிபானில் செய்த பன்றி வேண்டும். பாதாம் பருப்பை அரைத்துச் சீனி சேர்த்துப் பிசைந்த மாவு அது. அச்சில் அமுக்கினால் பன்றி. காதையும் வாலையும் சீராக்கிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்து வெளிநாடு வந்தவள் பன்றிக்கு வால் பிடிக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார்.

ஒரு நாள் என் பக்கத்து இருக்கைக்குப் புதிய ஆள் ஒருவர் வந்தார். எங்கள் நிறம், ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி. நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் ஆங்கில எழுத்தில் பவுல் என்று வாசிக்கிற மாதிரி ஒரு பெயர். நோர்வேக்காரருக்கு அது தங்கள் ஊர்ப் பெயராகவே பட்டது. ‘போல்’ என்று கூப்பிட்டார்கள். அவர்களில் தெருவுக்கு ஒரு போல் இருக்கிறார். நாங்களும் போல் என்றோம். அவரும் போல் என்றே திரும்பிப் பார்த்தார்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நல்ல வயிறு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி உயர்த்திப் பேசுவார். ஒரு நாள் இடைவேளையில் நான் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், போலின் முன்னால் மேசையில் அந்த மனிதர் நிற்கிறார். சுண்டுவிரல் உயரம். மிஞ்சிய மார்சிபானில் அந்த மூங்கில் குச்சியால் செய்தது. வயிறு, பின்னால் கட்டிய கை, தூக்கிய குதிக்கால், எல்லாம் இருந்தன. முகம் மட்டும் வெறும் உருண்டை. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனால் பார்த்த எல்லாரும் பெயரைச் சொன்னார்கள்.

போலுக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் வந்தார், குனிந்து பார்த்தார், சிவந்தார். பிறகு அதை ஒரு கேக் பெட்டியில் வைத்து, மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். நத்தார் முடிந்த பிறகும் அதைத் தின்ன யாருக்கும் மனம் வரவில்லையாம்.

பெயரில் வந்த குழப்பம்

அன்றைக்குத்தான் கேட்டேன், எங்கே பழகினீர்கள் என்று. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வே மொழி. வினைச்சொல்லை விழுங்கிவிட்டுக் கையால் பேசுகிற மொழி.

வங்காளத்தில் கிருஷ்ணநகர் என்று ஓர் ஊர். ஜலங்கி என்று ஓர் ஆறு. அந்த ஆற்று மண்ணில் பொம்மை செய்கிற குடும்பங்களில் ஒன்று அவருடையது. சாமி சிலை செய்கிறவர்கள் வேறு. இவர்கள் வீட்டில் மனிதர் மட்டும். மீன் விற்கிறவள், துணி வெளுக்கிறவர், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற எழுத்தர். எல்லாம் ஒரு சாண் உயரம். உடம்பு மண், உடுப்பு உண்மைத் துணி, தலைமயிர் சணல். தம்பிமாரும் மச்சான்மாரும் அங்கே இன்னும் அதைத்தான் செய்கிறார்கள், நல்லாக ஓடுகிறது என்றார். இவர் கல்யாணம் முடித்த பெண்ணுக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து எல்லிங்ஸ்ருட்டில் குடியிருக்கிறார்.

“பெயர் போல் இல்லை” என்றார். “பால். மண் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பால் என்றுதான் குடும்பப் பெயர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் என்றால் எங்கள் மொழியில் பசு தருவது என்றேன். சரி, அப்படியானால் போல் என்றால் என்ன என்று கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. நோர்வே மொழியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். “அது இல்லை. ஆனால் பார்த்தால், அதுதான் என்று நினைக்க வைக்கும். அதுக்கு நாங்கள் போல் என்று சொல்லுவோம்.”

அவர் மூங்கில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இனி நான் பால் இல்லை, போல்தான் என்றார்.

அம்மா கேட்டது

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எங்களிடம் வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அப்பா போய்ச் சில வருஷங்கள். சண்டையால் இடம்பெயர்ந்து போன இடத்தில், காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. அண்ணாவும் நானும் இங்கே இருந்தோம். வீட்டுக்கு அம்மா திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அலுமாரிக்குள் இருந்த படங்களும் இல்லை. அப்பாவின் அடையாள அட்டை ஆஸ்பத்திரியில் கொடுத்ததுதான், திரும்பி வரவில்லை. என் கல்யாணம் கொழும்பில் நடந்தது, அப்பா வரவில்லை. அவருக்குச் சைக்கிள் திருத்துகிற கடை. கடையைப் பூட்டிவிட்டு வர மனமில்லை என்று சொல்லி அனுப்பியவர்.

ஆகவே எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் இல்லை. திவசத்துக்கு விளக்கு ஒன்றை ஏற்றி, அதற்கு முன்னால் படைத்துவிட்டு இருப்போம்.

ஒரு நாள் அம்மா புளியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தேன்.

“பிள்ளை, ஒண்டு சொன்னால் சிரிக்கமாட்டியே?”

“சொல்லுங்கோ.”

“உன்ரை அப்பான்ரை முகம் எனக்கு வருகுதில்லை.”

நான் ஒரு சப்பாத்தோடு நின்றேன்.

“குரல் வருகுது. இருமல் வருகுது. கடையாலை வந்து முகம் கழுவாமல் சோத்துக்கு இருக்கிறது வருகுது, நான் பேசுறது வருகுது. முகம் மட்டும் வருகுதில்லை. கனவிலையும் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறார்.” இன்னொரு கொட்டையைப் பொறுக்கிப் போட்டார். “நாளைக்கு நான் அங்கை போனால், முகம் தெரியாமல், ஆளை மட்டுக்கட்ட ஏலாமல் நிப்பன் எல்லோ? அவர் என்ன நினைப்பார்?”

சிரிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சிரிப்பு எங்கே வரப்போகிறது? குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு முதுகுப் படம்

லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற அண்ணாவிடம் ஒரே ஒரு படம் இருந்தது. எங்கள் பெரியம்மாவின் மகன் புதுச் சைக்கிளோடு நின்று எடுத்த படம். சைக்கிளுக்குப் பின்னால், கடை வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறவர் அப்பா. இடுப்பில் கட்டம் போட்ட சாரம், வெறும் மேல், வெடித்த குதிக்கால். அவ்வளவுதான்.

அதைப் போலிடம் காட்டி, அப்பாவைச் செய்து தருவீர்களா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டுதான் காட்டினேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கள் வீட்டில் முதுகில்தான் தொடங்குவோம்” என்றார். “முகம் கடைசி. முகத்தை மனிதன் மாற்றி மாற்றி வைப்பான். முதுகை மாற்ற அவனுக்குத் தெரியாது.”

பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். முகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. குந்தியிருக்கும்போது எந்தக் காலில் பாரம்? எந்தக் கையால் சொறிவார்? வேலை நேரத்தில் வாய் திறந்திருக்குமா? நான் ஒரு விஷயம் சொன்னேன். டியூபில் காற்றுப் போகிற ஓட்டையைக் கண்டுபிடிக்க எல்லாரும் தண்ணீரில் அமுக்குவார்கள். அப்பா டியூபைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்துவார். காற்றுக் கன்னத்தில் பட்டதும் விரலை வைப்பார். பின்னேரம் ஆகும்போது வலக்கன்னம் கறுப்பாக இருக்கும்.

“அதுதான்” என்றார் போல். “அவர் அதைத்தான் செய்கிறார்.”

அண்ணாவைக் கேட்டது பிழையாகப் போயிற்று. “மூக்கு என்ரை மூக்கு மாதிரித்தான்” என்றார் அண்ணா. “உங்கடை மூக்கு அம்மான்ரை மூக்கு” என்றேன் நான். தொலைபேசியில் தொடங்கியது, அவர் வீட்டு மேசையிலும் முடியவில்லை. அப்பாவின் நெற்றி அகலமா ஒடுக்கமா என்பதில் இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம். அண்ணி நடுவில் நின்று சமாதானம் பேசினார். அவர் அப்பாவைக் கண்டதே இல்லை.

அம்மாவுக்கு வேறு கவலை, போல் கிறிஸ்தவரோ என்று.

“போல் எண்டால் வேதக்காரப் பேரெல்லோ? வேதக்காரரைக் குறை சொல்லேல்லை, பிள்ளை. திவசத்துக்கு வைக்கிற சாமான் எண்டபடியாலை கேக்கிறன்.”

“அம்மா, அவர் சைவக்காரர்.”

அவர் முதல் தடவை வந்தபோது அம்மா மீன் பொரிக்காமல் மரக்கறியாகச் சமைத்து வைத்தார். வந்தவர் சுவாமித் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு மேசையில் இருந்து, “மாஷிமா, மீன் இல்லையா?” என்று கேட்டார். மாஷிமா என்றால் அவர்கள் பாஷையில் தாயின் சகோதரி.

“சைவக்காரர் எண்டாய்?” என்று அம்மா என் காதில் கேட்டார்.

“சைவக்காரர்தான், அம்மா. ஆனா சைவம் இல்லை.”

அடுத்த தடவையில் இருந்து அம்மாவே அவருக்கு மீன் பொரித்தார். தம்பி, தம்பி என்று இரண்டாம் துண்டும் வைப்பார். என் வீட்டுக்காரருக்கு மீன் வாலும் கிடைக்காது.

லில்லெஸ்ட்ரோம் மண்

அண்ணாவின் வீட்டுக்குப் பக்கத்தில் புது அடுக்குமாடிக்கு அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் அந்த மண் சப்பாத்தை விடாது என்று அண்ணா திட்டுவார். போல் அதைக் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமையே வாளியோடு ரயில் ஏறினார். நீலமும் சாம்பலும் கலந்த மண். விரலுக்குள் உருட்டினார், முகர்ந்தார், நுனிநாக்கிலும் வைத்தார். “நல்ல மண். கொஞ்சம் குளிர்ந்த குணம்” என்றார். தோண்டுகிற வண்டிக்காரரிடம் முதலே கேட்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டு, முழுவதையும் கொண்டுபோங்கள் என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு வேலை கிடைத்தது. வர்ணத்துக்குப் பசை புளியங்கொட்டையில்தான் காய்ச்ச வேண்டும் என்றார் போல். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம். அம்மா பொறுக்கி எறிந்த கொட்டை எல்லாம் அன்றில் இருந்து போத்தலுக்குள் போயிற்று. அண்ணா பழைய சைக்கிள் டியூபில் மெல்லிய நாடா வெட்டிக் கொடுத்தார். அம்மா தன் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த அப்பாவின் சாரத்தை எடுத்தார். கத்தரிக்கோலை என்னிடம் தரவில்லை. தானே ஒரு மூலையை வெட்டினார். பொம்மைக்கு அந்தச் சாரத்தின் கட்டங்கள் பெரியவை. ஆனாலும் போல் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மணம்தான். ஈர மண், புளியங்கொட்டைப் பசை, மீன் பொரியல், வாசலில் உருகுகிற பனி. அடுக்குமாடிக்குப் பொதுவான கீழறையில் அன்றைக்கு உடுப்புத் தோய்க்கிற முறை எங்களுடையது என்பதையே மறந்து இருந்திருக்கிறோம். பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். அவ்வளவு நிறைந்திருந்த வீட்டை நான் பிறகு காணவில்லை.

உடம்பு முடிந்தது. முகம்தான் மிச்சம். அம்மாவைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். போல் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“உங்கடை கை அவரின்ரை முகத்தைத் தொட்டிருக்கோ எண்டு கேக்கிறார்.”

அம்மாவுக்குக் காது சிவந்தது. “என்ன விசர்க் கேள்வி” என்றார். தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தினார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மதிலாலை விழுந்து கை முறிஞ்சு மருந்துப் பத்துக் கட்டியிருந்தவர் எல்லோ. அப்ப நான்தான் சவரம் எடுத்துவிட்டனான். கிணத்தடியிலை, ஒருத்தரும் பாக்காத நேரம்.”

கை கண்டது

அப்படித்தான் அந்தப் பெரிய தலை வந்தது. ஒரு சாண் பொம்மையின் தலை பாக்கு அளவு. அதில் கை என்ன கண்டுபிடிக்கும்? எனவே போல் முதலில் ஆள் அளவுக்கே ஒரு தலையை உருட்டி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் அம்மாவின் விரல்கள் மண்ணில் படவே பயந்தன. பிறகு இடக்கை தானாகவே தலையின் உச்சியைப் பிடித்துக் கொஞ்சம் சரித்தது. வலக்கைப் பெருவிரல் காதடியில் இருந்து கீழே இறங்கியது. சவரம் எடுக்கிற கை.

“கன்னம் இவ்வளவு இல்லை. உள்ளுக்கு.” தானே அமுக்கினார். “மேலுதட்டிலை இடம் காணாது. கத்தி திருப்பிறதுக்கு நான் படுற பாடு.” பிறகுதான் அந்த நாடி மேடு. “கத்தி அதிலைதான் தட்டுப்படும். ஒருக்கால் வெட்டிப்போட்டன். ஒண்டும் சொல்லேல்லை, மனுசன்.”

போல் வந்து நான் சொன்ன இடத்தில் ஒரு பயறளவு மண்ணை வைத்தார். அம்மா தடவினார். அவர் முகம் மாறிவிட்டது.

“ஓம்” என்றார். “ஓம்.”

கையை எடுத்தார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிய பிறகுதான் திறந்தார்.

“பாருங்கோவன், அம்மா.”

“இப்ப வேண்டாம். தலை மட்டும் தனியப் பாக்கக் கூடாது. முழு ஆளா வரட்டும்.”

போல் அதைப் பார்த்து அன்று பின்னேரம் முழுவதும் சிறிய முகத்தைச் செய்தார். முடிந்ததும் பெரிய தலையை வாளித் தண்ணீருக்குள் இறக்கினார். எனக்குப் பதறியது. வைத்திருக்கலாமே என்றேன். ஒரு மனிதனுக்கு இரண்டு தலை எதற்கு என்றார் போல். அம்மா, அது சரிதான் என்று தலையாட்டினார்.

திவசம்

எல்லிங்ஸ்ருட்டில் மண் பாத்திரம் செய்யப் பழக்குகிற ஓர் இடத்தில் சூளை இருந்தது. அங்கே சுட்டு, வர்ணம் பூசி, திவசத்தன்று காலையில் கொண்டு வந்தார். எங்கள் பேக்கரியின் கேக் பெட்டிக்குள் அப்பா வந்தார். வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, மாலையில் அடிக்கிறேன், அதுவரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார். அடுப்பில் பருப்புப் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சொல்ல எனக்கு மறந்துபோயிற்று.

விளக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். குந்தியிருக்கிறார். சாரம் தொடைக்கு மேல் ஏறியிருக்கிறது. குதிக்கால் வெடித்திருக்கிறது. டியூபைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடி, காற்றுக்குக் காத்திருக்கிறார். வலக்கன்னத்தில் கறுப்பு.

அண்ணா கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

“அப்பா போல இருக்கு” என்றார். “ஆனா நெத்தி...”

“அப்பா போலத்தான் இருக்கு” என்றேன் நான். எங்கள் சண்டை அந்த நேரத்திலும் ஓயவில்லை.

தன் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுவதைக் கேட்டு, போல் கதவடியில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அகப்பையோடு சமையலறையில் இருந்து வந்தார். இலை போட்டிருந்தது. சோறு போட்டிருந்தது. பருப்பை ஊற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

அகப்பையை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பை எடுத்து, செம்பில் இருந்த தண்ணீரில் நனைத்தார். எனக்கு விளங்குவதற்குள் குனிந்து, இடக்கையால் தலை உச்சியைப் பிடித்துக்கொண்டு, வலக்கன்னத்தை அழுத்தித் துடைத்தார்.

“எத்தினை தரம் சொல்லுறது? முகத்தைக் கழுவிப்போட்டுச் சோத்துக்கு இருங்கோ எண்டு.”

புளியங்கொட்டைப் பசை தண்ணீருக்கு நிற்குமா? கறுப்புப் போயிற்று. அதோடு கன்னத்து வர்ணமும் போயிற்று. சேலைத் தலைப்பில் கறை. அப்பாவின் கன்னத்தில், சூளையில் சிவந்துபோன லில்லெஸ்ட்ரோம் மண் தெரிந்தது.

அண்ணா “அம்மா!” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். போல் சட்டைப் பையில் இருந்து தூரிகையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

அம்மா கையை நீட்டி மறித்தார்.

“விடுங்கோ, தம்பி. இப்பதான் முகம் கழுவினவர்” என்றார். “சாப்பிடட்டும்.”